பைபாஸுக்கு முன்னாடி அப்பாவோட பயத்தைக் குறைக்க எது நல்லது: டாக்டர் பேச்சா, புக்லெட்டா, வீடியோவா, ஏற்கனவே ஆபரேஷன் பண்ணினவரா?

ஆஞ்சியோ பண்ணி ஹார்ட்டுக்குப் போற மூணு குழாய்லயும் அடைப்பு, இனி பைபாஸ் தான்னு சொன்ன அன்னைக்கு ராத்திரியே மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் பக்கத்துல இருந்து எனக்கு ஃபோன் வந்துரும். நான் திருவனந்தபுரத்துல ஹார்ட் சர்ஜரி ஐசியூல நர்ஸா இருக்கேன், சொந்த ஊரு குழித்துறை பக்கம், அதனால ஊர்க்காரங்க, சொந்தக்காரங்க, சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு எல்லாரும் கூப்பிடுவாங்க. எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு செலவுன்னு தொடங்குற பேச்சு கடைசில ஒரே இடத்துலதான் வந்து நிக்கும்: "அக்கா, அப்பா ரொம்ப பயந்து போய் கெடக்காரு, ராத்திரி உறக்கமே இல்ல, எல்லாத்தையும் சொல்லிரட்டா, இல்ல ஒண்ணும் சொல்லாம கூட்டிட்டு வரட்டா? யூடியூப்ல காட்டலாமா? போன வருஷம் பண்ணின மாமா ஒருத்தர் இருக்காரு, அவரைப் பேச வைக்கலாமா?"

ஃபோன்ல அஞ்சு நிமிஷத்துல இதுக்கு பதில் சொல்ல முடியாது, வீட்டுக்கு வீடு மாறும், அதனாலதான் ஒவ்வொரு வழியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதுறேன். எல்லையைத் தாண்டி கேரளாவுக்கு வர்ற நம்ம ஆளுங்களை மனசுல வச்சு எழுதுனது, ஆனா நாகர்கோவில்ல, மதுரையில, சென்னையில பண்ணுறவங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும்.

முதல்ல ஒண்ணு. பயத்தைக் குறைக்கிறது மனசு ஆறுதலுக்கு மட்டும்னு நெனைக்காதீங்க. பயந்தவருக்கு நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறும், தூக்கம் போகும், அதைவிட முக்கியமா ஆபரேஷன் முடிஞ்சப்புறம் நெஞ்சு பிரிஞ்சிருமோன்னு பயந்து இருமவே மாட்டாரு, மூச்சை இழுக்க மாட்டாரு, எந்திரிச்சு நடக்க மாட்டாரு, அப்படியே சளி கட்டும். 1964ல அமெரிக்காவுல எக்பர்ட்னு ஒரு மயக்க டாக்டரும் அவரோட குழுவும் வயித்து ஆபரேஷனுக்கு வந்த 97 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பகுதிக்கு மட்டும் எங்க வலிக்கும், ஏன் வலிக்கும், எப்படி உடம்பைத் தளர்த்தணும், எப்படி திரும்பிப் படுக்கணும்னு முன்னாடியே சொல்லிக் கொடுத்தாங்க. அவங்களுக்கு வலி மருந்து கிட்டத்தட்ட பாதிதான் தேவைப்பட்டுது, சராசரியா ரெண்டரை நாளுக்கும் மேல சீக்கிரமா வீட்டுக்கும் போனாங்க. ஹார்ட் ஆபரேஷன்லயும் 2012ல சீனாவுல 153 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி வெளிவந்துச்சு, ஒரு துண்டுப் பிரசுரமும் ஒரு நர்ஸ் கால் மணி நேரம் உக்காந்து பேசுனதும், அவ்வளவுதான், பயமும் மனச்சோர்வும் நல்லாவே குறைஞ்சுது. ஆஸ்பத்திரி நாள் குறையுமா, வலி குறையுமாங்கிறதுல ஹார்ட் ஆபரேஷன் ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே மாதிரி சொல்லல, பயம் குறையுதுங்கிறதைத்தான் நெறைய ஆராய்ச்சி சொல்லுது.

## எதை வச்சுப் பாக்கணும்

நான் பாக்கிறது இதையெல்லாம்தான்.

எந்த பயத்துக்கு மருந்து அது? எல்லாருக்கும் சாவு பயம்னு நாம நெனைப்போம். கேட்டுப் பாருங்க, வேற வேற இருக்கும். ஒருத்தருக்கு மயக்கம் பாதில தெளிஞ்சிருமோன்னு பயம், ஒருத்தருக்கு ரப்பர் வெட்டப் போக முடியாம ஆயிருமோன்னு, ஒரு அம்மாவுக்கு ஆம்பள நர்ஸ் உடம்பைத் தொடுவாங்களோன்னு கூச்சம், இன்னொருத்தருக்கு மகள் கல்யாணத்துக்கு வச்ச பணம் இதுல போயிருமேன்னு. பணத்தைப் பத்தின பயத்துக்கு ஐசியூ போட்டோ காட்டி பிரயோஜனம் இல்ல, காப்பீட்டு கார்டு அந்த ஆஸ்பத்திரில செல்லுமா, எவ்வளவுக்கு செல்லும்னு முன்னாடியே விசாரிச்சு அவர்கிட்ட சொல்லணும்.

அவருக்குப் புரியுதா? மொழி, படிப்பு, கண்ணு, காது எல்லாம் இதுல அடங்கும்.

திருப்பிக் கேள்வி கேக்க முடியுமா?

எப்பம் கிடைக்குது? ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி சொல்றது மண்டைல ஏறாது. ஷேவிங், குளியல், ரத்தம் எடுக்கிறது, கையெழுத்துன்னு அன்னைக்கு ஒரே ஓட்டமா இருக்கும். ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி கிடைச்சா அதுதான் நல்லது.

உடம்புக்கும் பழக்கம் ஆகுதா? மூச்சுப் பயிற்சி, இருமுற முறை, கையை ஊணாம எந்திரிக்கிறது இதெல்லாம் கேட்டா வராது, செஞ்சு பாத்தாதான் வரும்.

கூட நிக்கிறவங்களுக்கு என்ன கிடைக்குது? கேரளாவுல பைஸ்டாண்டர்னு சொல்லுவாங்க, அந்த மகனோ மகளோ மைனியோ பயந்து மூஞ்சி வெளுத்து நின்னா நோயாளி அதைப் பாத்தே பயப்படுவாரு.

மறைஞ்சு கெடக்கிற செலவு என்ன? பணம் மட்டும் இல்ல, நேரம், நம்பிக்கை, தப்பான நம்பிக்கை எல்லாமே செலவுதான்.

அவசரமா படிக்கிறவங்களுக்காக ஒரு பட்டியல் போடுறேன், விவரம் கீழ இருக்கு.

| வழி | பயம் குறையுமா | கேள்வி கேக்கலாமா | மறைஞ்ச செலவு | யாருக்கு நல்லது |
|---|---|---|---|---|
| ஒண்ணும் சொல்லாம கூட்டிட்டுப் போறது | முந்தின நாள் வரைக்கும் மட்டும் | இல்ல | நம்பிக்கை போகும், கண்ணு முழிக்கும்போது பதட்டம் | தானே "வேண்டாம், சொல்லாத"ன்னு சொல்றவருக்கு |
| டாக்டர், நர்ஸ் நேர்ல | நல்லாவே | ஆமா | நேரம், ஒரு தடவ கூடுதலா பயணம், மொழி | கிட்டத்தட்ட எல்லாருக்கும் |
| புக்லெட் | தனியா குடுத்தா கொஞ்சம்தான் | இல்ல | படிக்காமலே பைக்குள்ள கெடக்கும் | வாசிக்கிற பழக்கம் உள்ளவங்களுக்கு, பிள்ளைகளுக்கு |
| வீடியோ | எந்த வீடியோங்கிறதைப் பொறுத்து | இல்ல | தப்பான வீடியோவுக்குப் போயிரும் | படிக்கத் தெரியாதவங்களுக்கு, மூச்சுப் பயிற்சிக்கு |
| ஆபரேஷன் பண்ணினவர் | ரொம்ப | ஆமா | தப்பான ஆள் வந்தா பயம் இரட்டிப்பு | "தேறி வருவனா"ன்னு கேக்கிறவருக்கு |
| ஐசியூவைப் பாக்குறது | ஆளைப் பொறுத்து | ஆமா | பல இடத்துல விட மாட்டாங்க | பெரும்பாலும் கூட நிக்கிறவங்களுக்கு |

## ஒண்ணும் சொல்லாம கூட்டிட்டுப் போறது

நம்ம வீடுகள்ல இதுதான் முதல்ல தோணுற வழி. "சின்ன ஆபரேஷன்தான்பா, ரெண்டு நாள்ல வந்துரலாம்"னு சொல்லி கேரள எல்லைல இருக்கிற களியக்காவிளையைத் தாண்டி கூட்டிட்டு வந்துருவாங்க. அன்புலதான் செய்யிறாங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அட்மிட் ஆன உடனே உண்மை தெரிஞ்சிரும், ஏன்னா கன்சென்ட் ஃபார்ம்ல நோயாளியே கையெழுத்து போடணும், டாக்டர் வந்து நேரா அவர்கிட்டதான் பேசுவாரு, பக்கத்து கட்டில்ல இருக்கிறவரு நெஞ்சுல தையலோட உக்காந்திருப்பாரு. அப்பம் அவரு நம்புறதுக்கு யாரு இருக்கா சொல்லுங்க, சொந்த மகனே மறைச்சிட்டானேன்னு ஆயிரும், அதுக்கப்புறம் நீங்க உண்மையாவே "நல்லா இருக்கும்பா"ன்னு சொன்னாலும் நம்ப மாட்டாரு.

இன்னொண்ணு ஐசியூல தெரியும். வாய்ல குழாய், பேச்சு வராது, சுத்தி மெஷின் சத்தம், கை கட்டின மாதிரி இருக்கும், இது எதுவுமே முன்னாடி தெரியாம கண்ணு முழிக்கிறவரு குழாயைப் பிடுங்கப் பாப்பாரு. தெரிஞ்சு வந்தவரும் பதறுவாரு, ஆனா காதுகிட்ட போய் "அண்ணாச்சி, நேத்து சொன்னோம்லா, அந்தக் குழாய்தான் இது, கொஞ்ச நேரத்துல எடுத்துருவோம்"னு சொன்னா பிடிச்சுக்குவாரு. முன்னாடி சொல்லாதவர்கிட்ட "சொன்னோம்லா"ன்னு சொல்ல முடியாதே.

இந்த வழி சரியா வர்ற இடமும் இருக்கு. சிலர் தெளிவாவே சொல்லுவாங்க, "எனக்கு எதுவும் சொல்லாதீங்க மக்களே, டாக்டர் பாத்துக்கிடட்டும், கடவுள் பாத்துக்கிடட்டும்"னு. அவங்களைப் பிடிச்சு உக்கார வச்சு எல்லாத்தையும் சொல்றது கொடுமை. அவங்களுக்கு மூணே விஷயம் சொன்னா போதும்: முழிக்கும்போது வாய்ல குழாய் இருக்கும், அதனால பேச முடியாது, நர்ஸ் பக்கத்துலயே இருப்பாங்க. மறதி நோய் உள்ள பெரியவங்களுக்கும் இவ்வளவே போதும், ஆனா அன்னன்னைக்கு திரும்பத் திரும்ப சொல்லணும்.

## டாக்டர், நர்ஸ், மயக்க டாக்டர் நேர்ல பேசுறது

ஒரே ஒரு வழிதான் கிடைக்கும்னா நான் இதைத்தான் எடுப்பேன், அதுலயும் சர்ஜனை விட நர்ஸும் மயக்க டாக்டரும் பேசுறது. சர்ஜன் சொல்றது எத்தனை கிராஃப்ட் (அடைப்பைச் சுத்தி ரத்தம் போக வைக்கிற மாற்றுக் குழாய்), கால்ல இருந்து எடுக்கிற குழாய், நெஞ்சுக்குள்ள இருந்து எடுக்கிற குழாய், ரிஸ்க் எவ்வளவு, இதெல்லாம் முடிவெடுக்கத் தேவை, கேக்கத்தான் வேணும். பயத்தைக் குறைக்கிறது வேற மாதிரி தகவலாக்கும்: அவரு என்னத்தப் பாப்பாரு, என்னத்த உணருவாரு, அப்பம் அவரு என்ன செய்யணும்.

நான் சொல்றது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். காலையில தியேட்டருக்கு கொண்டு போவாங்க, உள்ள குளிரும். கைல ஊசி போட்டதும் உறக்கம் வரும், அதுக்கப்புறம் ஆபரேஷன் எதுவும் தெரியாது. மூணுல இருந்து ஆறு மணி நேரம் வரைக்கும் ஆகலாம், தியேட்டருக்குள்ள போறது வர்றது எல்லாம் சேத்து இன்னும் கூடும், அதனால வெளிய நிக்கிறவங்க நேரமாச்சேன்னு கலங்க வேண்டாம். ஐசியூல முழிக்கும்போது வாய்ல மூச்சுக் குழாய், கழுத்துல மருந்து போற ஒரு லைன், நெஞ்சுக்குக் கீழ ரத்தம் வடியிற குழாய், யூரின் ட்யூப், இதெல்லாம் இருக்கும், இருந்தா எல்லாம் ஒழுங்கா நடக்குதுன்னு அர்த்தம். மூச்சுக் குழாயை பெரும்பாலானவங்களுக்கு சில மணி நேரத்துல இருந்து மறுநாள் காலைக்குள்ள எடுத்துருவோம், தொண்டை ரெண்டு நாள் கரகரன்னு இருக்கும். நெஞ்செலும்பை ஸ்டீல் கம்பி போட்டு கட்டியிருப்பாங்க, இருமுனா பிரியாது, ஒரு தலையணையை நெஞ்சோட சேத்து அணைச்சுக்கிட்டு இருமணும். எலும்பு சேர 6ல இருந்து 8 வாரம், கனமான வேலைக்கு 3 மாசம் மாதிரி ஆகும்.

இந்தக் கடைசி வரி ரப்பர் வெட்டுறவருக்கும், தூத்தூர் பக்கம் போட்டுல மீன் பிடிக்கப் போறவருக்கும் ரொம்ப முக்கியம். "திரும்ப வேலைக்குப் போவனா"ன்னு அவங்க வாய் விட்டுக் கேக்க மாட்டாங்க, நாமளா தான் சொல்லணும். வலை இழுக்கிறதும் ரப்பர் பால் டின்னைத் தூக்கிட்டு நடக்கிறதும் எப்பம் ஆரம்பிக்கலாம்னு டாக்டர்கிட்ட தேதி கணக்குல கேட்டு வாங்குங்க, தேதி தெரிஞ்சாலே பாதி மனசு லேசாகும்.

மயக்க டாக்டரை மறந்துராதீங்க. அந்த எக்பர்ட் டாக்டரே 1963ல இன்னொண்ணும் பண்ணுனாரு: ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க டாக்டர் வந்து பேசுனவங்களையும், காலையில தூக்க மருந்து மட்டும் கொடுத்தவங்களையும் ஒப்பிட்டுப் பாத்தாரு. மருந்து வாங்குனவங்களுக்கு உறக்கம் வந்துச்சு, அமைதி வந்துச்சுன்னு சொல்ல முடியல. பேசுனவங்க உறங்கல, ஆனா அமைதியா இருந்தாங்க. அதனால "ஒரு மாத்திரை போட்டு உறங்க வச்சிரலாமே"ன்னு கேக்கிறவங்களுக்கு என் பதில், டாக்டர் எழுதுனா மாத்திரை போடட்டும், பேச்சுக்கு பதிலா மாத்திரை வேண்டாம்.

மறைஞ்ச செலவு என்னன்னா, முதல்ல மொழி. நர்ஸ் மலையாளத்துல நல்லா அன்பா சொல்லுவாங்க, நம்ம பாட்டா எல்லாத்துக்கும் தலையாட்டுவாரு, வெளிய வந்ததும் "என்னத்த சொன்னாவ?"ன்னு மகன்கிட்ட கேப்பாரு. விளவங்கோடு பக்கத்து ஆளுங்களுக்கு மலையாளம் நல்லாவே புரியும், ஆனா தோவாளை, ராதாபுரம், செங்கோட்டைல இருந்து வர்றவங்களுக்கு பஸ்ல போற அளவுக்குத்தான் புரியும், மருந்து பேரோட கலந்து வேகமா பேசுனா புரியாது. இதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு, "தமிழ் தெரிஞ்ச சிஸ்டர் யாராவது உண்டா"ன்னு கேளுங்க. திருவனந்தபுரத்துல பெரிய ஆஸ்பத்திரிகள்ல கன்னியாகுமரி மாவட்டத்து நர்ஸுங்க நெறைய பேர் இருக்கோம், கேட்டா வருவோம். ரெண்டாவது, நேரம். ஓபில நீங்க பேசுற நேரம் அஞ்சு நிமிஷம், அதனால கேள்வியை பேப்பர்ல எழுதிட்டு வாங்க. அவரு சொன்னதைத் திருப்பி சொல்லச் சொல்லுங்க, "அப்பா, முழிக்கும்போது என்ன இருக்கும்னு சொன்னாங்க?"ன்னு. சொல்லத் தெரிஞ்சா புரிஞ்சிருக்கு.

மூச்சுப் பயிற்சியும் இதே நேரத்துல கேட்டு வாங்க வேண்டியது. மூணு பந்து போட்ட பிளாஸ்டிக் கருவி தருவாங்க, பாதிப் பேர் அதை ஊதுவாங்க, ஊதக்கூடாது, உறிஞ்சணும். 2006ல நெதர்லாந்துல நுரையீரல் பிரச்சனை வர வாய்ப்பு அதிகம் உள்ள 279 பைபாஸ் நோயாளிகள்ல ஒரு பகுதிக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரமாவது மூச்சு உறிஞ்சுற தசைக்கு பயிற்சி கொடுத்தாங்க, அதுக்குன்னே ஒரு கருவி வச்சு. நுரையீரல் தொந்தரவு 35 சதவீதத்துல இருந்து 18 சதவீதமா குறைஞ்சுது. எனக்குப் பிடிச்சது இதுல என்னன்னா, பயந்து கெடக்கிற மனுஷனுக்கு தினமும் செய்யிறதுக்கு ஒரு வேலை கிடைக்குது, காத்துக்கிட்டிருக்கிற அந்த நாட்கள்ல அவரும் ஆபரேஷனுக்கு ஏதோ செய்யிறாருங்கிற தெம்பு வருது.

## புக்லெட்

தனியா குடுத்தா பெரிசா பயன் இல்ல. கேரளா ஆஸ்பத்திரில பெரும்பாலும் மலையாளத்துல, இல்லன்னா இங்கிலீஷ்ல இருக்கும். 1956 நவம்பர் 1ல நம்ம மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்றதுக்கு முன்னாடி பள்ளிக்கூடம் போன பெரியவங்க சிலருக்கு மலையாளம்தான் வாசிக்க வரும், அவங்களுக்கு அது வரப்பிரசாதம், மத்தவங்களுக்கு அது பைக்குள்ள எக்ஸ்ரே கவரோட கெடக்கும். தமிழ் புக்லெட் இருக்கான்னு கேட்டு வாங்குங்க, இல்லன்னா படிச்ச பிள்ளை யாராவது முக்கியமான பத்து வரியை பெரிய எழுத்துல தமிழ்ல எழுதி கட்டில் பக்கத்துல ஒட்டுங்க.

வரக்கூடிய சிக்கல்கள்னு ஒரு பக்கம் இருக்கும். வரிசையா பக்கவாதம், கிட்னி, ரத்தக்கசிவுன்னு போகும். ராத்திரி ஒத்தைல உக்காந்து அந்தப் பக்கத்தைப் படிச்சா யாருக்கும் பயம் வரும், அதை டாக்டர்கிட்ட வச்சு "இதுல எங்க அப்பாவுக்கு எது கூடுதலா வர வாய்ப்பு இருக்கு"ன்னு கேட்டுப் படிக்கிறதுதான் சரி. புக்லெட் உண்மையிலேயே உதவுறது டிஸ்சார்ஜுக்கு அப்புறம்தான், எந்த மருந்து, எப்பம் குளிக்கலாம், எப்பம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வரணும்னு பாக்க.

பைபாஸ் இல்லாம ஹார்ட் வால்வ் மாத்துறவங்களுக்கு மட்டும் புக்லெட் கட்டாயம்னு சொல்லுவேன். மெட்டல் வால்வ் வச்சா ஆயுசு முழுக்க ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறையுதுன்னு பாக்க அடிக்கடி ஐஎன்ஆர் டெஸ்ட், கீரையை ஒரு நாள் கூட்டி ஒரு நாள் குறைச்சு சாப்பிடாம ஒரே அளவா வச்சுக்கிறது, பல்லு பிடுங்கப் போனா முன்கூட்டியே சொல்றதுன்னு சட்டதிட்டம் நெறைய, இதெல்லாம் மனசுல நிக்காது. வால்வ்னு சொன்னாலே வெளிநாட்டு சாமான், கோடி ரூபாய்னு பயப்படுறவங்களுக்கு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா நிறுவனத்துலயே உருவாக்கின சித்ரா வால்வை 1990 டிசம்பர்ல முதல் முதலா ஒரு நோயாளிக்கு வச்சாங்க, அது இன்னைக்கும் புழக்கத்துல இருக்குன்னு சொல்லுங்க. ராத்திரி அமைதியா இருக்கும்போது நெஞ்சுக்குள்ள டிக் டிக்னு லேசா கேக்கும், அதையும் முன்னாடியே சொல்லிருங்க.

## வீடியோ

வீடியோல ரெண்டு ஜாதி உண்டு. நெஞ்சைத் திறந்து ரத்தத்தோட காட்டுறது ஒண்ணு. அது டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கு, நம்ம அப்பாவுக்கு வேண்டாம், அதைப் பாத்துட்டு "எனக்கு ஆபரேஷனே வேண்டாம்"னு வீட்டுக்குத் திரும்பிப் போனவங்களை நான் கண்டிருக்கேன். இன்னொண்ணு நோயாளிக்குன்னு ஆஸ்பத்திரி எடுத்த வீடியோ, ஐசியூ எப்படி இருக்கும், கட்டில்ல இருந்து எப்படி எந்திரிக்கணும், எப்படி இருமணும்னு காட்டுறது. இது படிக்கத் தெரியாதவங்களுக்கு புக்லெட்டை விட நல்லது, திரும்பத் திரும்ப போட்டுப் பாக்கலாம், வீட்ல எல்லாரும் சேந்து பாக்கலாம்.

இதோட பெரிய செலவு அடுத்த வீடியோல இருக்கு. ஒண்ணு முடிஞ்சதும் தானா அடுத்தது ஓடும், "ஆபரேஷனே இல்லாம அடைப்பைக் கரைக்கலாம்", "இந்த ஜூஸை 40 நாள் குடிங்க"ன்னு ஒருத்தர் வெள்ளை கோட்டு போட்டுக்கிட்டு பேசுவாரு. பயந்தவருக்கு அது தேன் மாதிரி இனிக்கும். ஆபரேஷனைத் தள்ளி வச்சு, நெஞ்சு வலி வந்து ஆம்புலன்ஸ்ல வர்றதைப் பாக்கும்போது வயிறு எரியும், இடது பக்க முக்கியக் குழாய்ல அடைப்பு உள்ளவங்களுக்கு அந்தத் தாமதம் உயிரையே எடுத்துரும். அதனால ஃபோனை அப்பா கைல குடுத்துட்டுப் போகாதீங்க. ஆஸ்பத்திரில குடுக்கிற வீடியோவை டவுன்லோடு பண்ணி, பக்கத்துல உக்காந்து, நடுவுல நிறுத்தி, "இது புரிஞ்சுதாப்பா"ன்னு கேட்டுக் காட்டுங்க.

## ஏற்கனவே ஆபரேஷன் பண்ணினவர் வந்து பேசுறது

டாக்டர் நூறு தடவ சொன்னாலும் மனசுல ஏறாதது, சட்டை பட்டனைக் கழட்டி தழும்பைக் காட்டி "இதா பாருங்க, இப்பம் நான் சந்தைக்கு நடந்தே போறேன்"னு ஒருத்தர் சொல்லும்போது ஏறிரும். இது வெறும் அனுபவப் பேச்சு இல்ல, 1987ல கூலிக், மாலர்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளருங்க பைபாஸுக்குக் காத்திருக்கிறவங்களை ஒரே அறையில யார் கூட போடுறதுன்னு மாத்தி மாத்திப் பாத்தாங்க. ஆபரேஷன் முடிஞ்சவரு கூட அறையில இருந்தவங்களுக்கு முன்கூட்டிய பயம் கம்மியா இருந்துச்சு, அப்புறம் அதிகமா நடந்தாங்க, சீக்கிரமா வீட்டுக்கும் போனாங்க. இன்னும் ஆபரேஷன் ஆகாத இன்னொருத்தரோட இருந்தவங்களுக்கு அது கிடைக்கல. வார்டுல கட்டில் ஒதுக்கும்போது கேட்டுப் பாக்கலாம், முடியாதுன்னு சொன்னாலும் நஷ்டம் இல்ல.

ஆனா ஆளைத் தேர்ந்தெடுக்கிறதுலதான் எல்லாமே இருக்கு. அதே ஆபரேஷனா இருக்கணும், நெஞ்சைத் திறக்காம குழாய்க்குள்ள ஸ்டென்ட் (சின்ன கம்பி வலை) மட்டும் வச்சவரு வந்து "மூணாம் நாள் வீட்டுக்கு வந்துட்டேன்"னு சொன்னா நம்ம ஆளுக்கு ஏழாம் நாளும் ஆஸ்பத்திரில கெடக்கும்போது ஏதோ கோளாறுன்னு தோணும். ஒரு வருஷத்துக்குள்ள பண்ணினவரா இருந்தா ஞாபகம் பச்சையா இருக்கும். கிட்டத்தட்ட அதே வயசு, அதே மாதிரி வேலை, இது ரொம்ப உதவும், ரப்பர் வெட்டுறவருக்கு ரப்பர் வெட்டுறவரு சொல்லணும். ஆம்பளைக்கு ஆம்பள, பொம்பளைக்கு பொம்பள, ஏன்னா ஒரு அத்தைக்கு தழும்பைப் பத்தியும் உள்ளாடை போடுறதைப் பத்தியும் இன்னொரு அத்தகிட்டதான் கேக்க முடியும்.

தப்பான ஆளுங்க ரெண்டு வகை. "ஒண்ணுமே இல்லவே, எறும்பு கடிச்ச மாதிரிதான்"னு வீரம் பேசுறவரு முதல் வகை, வலி வந்த நிமிஷம் அவரு சொன்னது எல்லாமே பொய்யாயிரும். ரெண்டாவது வகை பக்கத்து வீட்டு மரணக் கதை சொல்றவங்க, அவங்களை வாசல்லயே டீ குடுத்து அனுப்பிருங்க, மரியாதை குறைஞ்சா குறையட்டும். மருந்து விஷயத்துலயும் ஜாக்கிரதை, "நான் இந்த மாத்திரையை நிறுத்திட்டேன், ஒண்ணும் ஆகல"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருவாங்க. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை எப்பம் நிறுத்தணும், எதை நிறுத்தக்கூடாதுன்னு உங்க டாக்டர் மட்டும்தான் சொல்லணும்.

வர்றவரை முன்னாடியே தனியாக் கூப்பிட்டு, "மாமா, வலிச்சுதுன்னா வலிச்சுதுன்னு சொல்லுங்க, எத்தனை நாள்ல கொறைஞ்சுதுன்னும் சொல்லுங்க"ன்னு கேட்டுக்கிடுங்க. அது போதும், நல்ல மனசு உள்ளவங்க புரிஞ்சுக்குவாங்க.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லிக்கிடுறேன். நாட்டுல பைபாஸ் வெற்றிகரமா நடக்க ஆரம்பிச்சது 1975ல, சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரில, கேரளாவுல பிறந்த டாக்டர் கே.எம். செரியன் பண்ணினது. அம்பது வருஷமாச்சு. சொந்தத்துல யாரும் பண்ணினவங்க இல்லன்னா இதையாவது சொல்லுங்க, "நம்ம மேலதான் முதல்ல பண்ணிப் பாக்கப் போறாங்களோ"ன்னு நெனைக்கிற பெரியவங்க இப்பவும் இருக்காங்க.

## ஐசியூவைப் போய்ப் பாக்குறது

தொற்று பயத்துல பெரும்பாலான இடத்துல விட மாட்டாங்க, அது நியாயம்தான். விட்டாலும், பத்து கட்டில்ல பத்து பேர் குழாயோட கெடக்கிறதைப் பாத்தா சிலருக்கு தெளிவு வரும், சிலருக்கு அன்னைக்கு ராத்திரி உறக்கம் போயிரும். அவரு தானா கேட்டா மட்டும் பாக்கட்டும். போட்டோ இருந்தா அது போதும். கூட நிக்கிறவங்கதான் கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்கணும், ஏன்னா முதல் நாள் உள்ள விடும்போது அப்பா முகம் வீங்கி, வெளுத்து, குழாயோட இருக்கிறதைப் பாத்து மகளே மயங்கி விழுந்துருக்கு. வயசானவங்க சிலர் ஐசியூல ரெண்டு மூணு நாள் குழம்பிப் பேசுவாங்க, செத்துப்போன தம்பியைக் கூப்பிடுவாங்க, நர்ஸை அடிக்க வருவாங்க. பெரும்பாலும் சரியாயிரும். கண்ணாடி, காது மெஷின் இருந்தா ஐசியூல மறக்காம குடுத்து அனுப்புங்க, கண்ணும் காதும் தெளிவா இருந்தா குழப்பம் கொறையும்.

## உங்க வீட்டுக்கு எது

தேதி குறிச்சு ரெண்டு வாரம் இருக்குன்னா: இன்னைக்கே மூச்சுக் கருவி வாங்கிருங்க, பீடி சிகரெட் இன்னைக்கே நிக்கணும். இந்த வாரம் ஓபி நாள்ல நர்ஸ்கிட்டயோ மயக்க டாக்டர்கிட்டயோ பத்து நிமிஷம் கேட்டு வாங்குங்க, கூட நிக்கப் போற ஆளையும் கூட்டிட்டுப் போங்க. அடுத்த வாரம் ஆபரேஷன் பண்ணின ஒருத்தரை வீட்டுக்கு வரச் சொல்லுங்க. இதோட நிறுத்திக்கிடுங்க, அதுக்கு மேல திணிச்சா அவருக்கும் சலிப்பு வரும்.

தூரத்துல இருந்து வர்றீங்க, ஓபிக்கு இன்னொரு தடவ வர்றது ஒரு நாள் கூலியும் பஸ் காசும்னா, அட்மிட்டுக்கு ஒரு நாள் முன்னாடி வர்றதுக்கு பதிலா ஃபோன்ல பேச முடியுமான்னு கேளுங்க, பல இடத்துல வீடியோ கால்ல பேசுவாங்க. அதுவும் இல்லன்னா ஆபரேஷன் பண்ணினவரும் ஆஸ்பத்திரி வீடியோவும் சேந்தா ஓரளவுக்கு ஈடு ஆகும்.

அவசரமா நெஞ்சு வலியோட வந்து மறுநாளே ஆபரேஷன்னா, புக்லெட், வீடியோ எல்லாத்தையும் விட்ருங்க. அப்பம் ஒரே வேலைதான், கைல நாலு சைகை பேசி வச்சுக்கிடுங்க, அதைப் பக்கத்துல நிக்கிற சிஸ்டர்கிட்டயும் சொல்லிருங்க. கையை ஒரு தடவ அழுத்துனா ஆமா, ரெண்டு தடவன்னா இல்ல. நெஞ்சைத் தட்டுனா வலிக்குது. கழுத்தைத் தொட்டா மூச்சு முட்டுது. விரலால காத்துல எழுதுனா பேப்பரும் பேனாவும் வேணும். தமிழ் தெரியாத நர்ஸுக்கும் இது புரியும், குழாய் எடுக்கிற வரைக்கும் அவருக்கு அது போதும்.